ஆறு முட்டைகளும் ஐந்தீவுச் சபையும்

நடுக்கடலில் ஐந்து தீவுகள் இருந்தன. ஐந்தும் கடலுக்கடியிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே வந்த மலைகள். ஒரே வயிற்றில் பிறந்தவைதான், ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

பச்சைத்தீவில் மலை எப்போதோ அணைந்துவிட்டது. அதன்மேல் மண் சேர்ந்து, மழை பெய்து, திரும்பின பக்கமெல்லாம் காடு. வெள்ளைத்தீவில் மலையே கடலுக்குள் அமிழ்ந்துபோய், சுற்றிலும் ஒரு வளையம் வெண்மணலும் நடுவில் அலையில்லாத நீரும்தான் மிச்சம். செந்தீவு முழுக்கச் சிவப்புச் சரளைக்கல், அதில் கள்ளி. உப்புத்தீவில் வறண்டுபோன ஒரு ஏரி. கடைசியில் கரித்தீவு. அங்கே மட்டும் மலை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மலையடியில் கறுப்பு மணல், கால் வைத்தால் சுடும். பேருக்கு ஒரு புல் கிடையாது.

அந்தக் கரித்தீவில்தான் செங்காலி இருந்தாள். நாட்டுக்கோழி அளவுள்ள பறவை. உடம்பு மண்நிறம், கால் மட்டும் நல்ல சிவப்பு. அவள் இனத்துப் பறவைகள் முட்டையின் மேல் உட்கார்ந்து அடைகாப்பதில்லை. சுடுமணலில் குழி பறிக்கும், முட்டையை வைக்கும், மூடும். மண்ணின் சூடே அடைகாத்துக் கொடுத்துவிடும். நாள் வந்ததும் குஞ்சு தானே ஓட்டை உடைத்து, தானே மண்ணைத் தள்ளி வெளியே வந்து, யாரையும் கேட்காமல் பறந்து போய்விடும்.

சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். செங்காலி தினமும் விடிந்ததும் ஒவ்வொரு குழியிலும் அலகை விட்டுச் சூடு பார்ப்பாள். சூடு கூடினால் மேல்மண்ணைக் கொஞ்சம் சீய்த்து விடுவாள். குறைந்தால் இன்னும் கொஞ்சம் குவிப்பாள். அந்தப் பருவத்தில் அவள் ஆறு முட்டை வைத்திருந்தாள். முதல் முட்டை பொரிய இன்னும் பத்தே நாள்.

ஆறாவது முட்டையை அவள் மூடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரிய மனிதர் வந்து சேர்ந்தார். பெரிய மனிதர் என்றால் மனிதர் இல்லை, கொண்டைக்கிளி. கொண்டையார் என்று கூப்பிடுவார்கள். பச்சைத்தீவுக்காரர், ஐந்தீவுச் சபையின் தலைவர். அவரைத் தலைவராக்கியது யார் என்று கேட்டால் மற்ற நாலு தீவிலும் பதில் வராது. கூழையன் என்ற கூழைக்கடாவின் முதுகில் ஏறி, தீவு தீவாகப் போய்ப் பார்வையிடுவது அவர் வழக்கம்.

அவர் கீழே இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஏம்மா, என்ன பண்ற?"

"முட்டை வச்சு மூடுறேன் ஐயா."

"மூடுறியா? உயிரோட இருக்கிற முட்டையையா?"

"உயிரோட இருக்கணும்னுதான் மூடுறேன்."

இந்தப் பதில் அவர் காதில் ஏறவில்லை. அடுத்தவர் பதில் சொல்லும் நேரத்தில் தன் அடுத்த பேச்சை யோசிப்பவர் அவர்.

"கூழையா, பாத்தியா கொடுமைய? கூடு கட்ட ஒரு சுள்ளி இல்ல, ஒரு இலை இல்ல. மனசு வெறுத்துப்போய், பெத்த முட்டைய இதுவே பொதைக்குது."

"நான் ஏன் ஐயா வெறுத்துப்போகணும்? மண்ணு சுடுதுல்ல, அந்தச் சூட்டுல தானா பொரிஞ்சிடும். வேணும்னா அலகை விட்டுப் பாருங்க."

கொண்டையார் சட்டென்று காலை மாற்றி வைத்தார். "எனக்குக் காலே சுடுது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"பாவம்," என்று அவர் கூழையனிடம் திரும்பிச் சொன்னார். "துக்கத்துல என்ன பேசுறோம்னே தெரியல."

மரத்துப் பொந்தில் பிறந்து, மரத்துப் பொந்தில் வளர்ந்தவர். முட்டை என்றால் அதன்மேல் ஒரு தாய் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாதது குற்றமில்லை. தெரிந்தவள் எதிரில் நின்று சொல்லும்போது காதைப் பொத்திக்கொண்டாரே, அதுதான் குற்றம்.

அவர் போனதும் பாறை இடுக்கிலிருந்து கொடுக்கன் எட்டிப் பார்த்தான். கொடுக்கன் ஒரு நண்டு, செங்காலியின் பக்கத்து வீட்டுக்காரன்.

"அக்கா, இந்த ஆளு உங்கள இதோட விடுறவரு மாதிரி தெரியல."

"என்ன பண்ணிடுவாரு? சபையில ரெண்டு நாள் பேசுவாரு. தொண்டை காஞ்சதும் நிறுத்திடுவாரு," என்றாள் செங்காலி. அவள் நினைத்தது தப்பாகிப்போனது.

மறுநாளே பச்சைத்தீவில் சபை கூடியது. கரித்தீவிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. ஏன் என்று ஒரு புறா கேட்டதற்கு, "துக்கத்துல இருக்கிறவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று கொண்டையார் சொன்னார். என்ன ஒரு பெருந்தன்மை! அவர் கொண்டையை விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அநாதை முட்டைகள் என்றார். பாழ்நிலம் என்றார். பாதிப் பேச்சிலேயே புறாக்கள் அழுதுவிட்டன. ஆறு முட்டைகளையும் தோண்டி எடுத்து, பச்சைத்தீவுக்குக் கொண்டுவந்து, இலை மெத்தையில் வைத்து, புறாக்களைக் கொண்டு அடைகாப்பது என்று முடிவானது.

மூன்றாம் நாள் காலையில் செங்காலி வழக்கம்போல் சூடு பார்த்துவிட்டு, தீவின் மறுபக்கத்துக்கு இரை தேடப் போனாள். அங்கே உறைந்த நெருப்புக் குழம்பு கடலில் இறங்கும் இடத்தில் சிப்பி கிடைக்கும். சாயங்காலம் திரும்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மணலில் ஆறு பள்ளங்கள் இருந்தன, ஆறும் காலி.

கொடுக்கன் ஓடி வந்தான். ஒரு கொடுக்கு பாதியில் முறிந்திருந்தது.

"கூழையன் வந்தான் அக்கா. தோண்டித் தோண்டி வாய்ப்பைக்குள்ள போட்டான். நான் அவன் கால்விரலைப் பிடிச்சு இறுக்கினேன். விடலையே பாவி, இழுத்துப் பிச்சுக்கிட்டுப் போயிட்டான். போறப்ப என்ன சொன்னான் தெரியுமா? நல்ல காரியத்துக்குக் குறுக்க நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையான்னான்."

"நல்ல காரியமா?" என்றாள் செங்காலி. "என் முட்டைய நான் இல்லாத நேரம் பார்த்துத் தோண்டி எடுத்துக்கிட்டுப் போறது நல்ல காரியமா? இதுக்குப் பேரு திருட்டு. வேற பேரு இருந்தா அந்தக் கொண்டைக்காரன் வந்து சொல்லட்டும்."

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"போயி எடுத்துக்கிட்டு வரப்போறேன். முட்டை குளிர்ந்தா உள்ள இருக்கிற உசிரு தாங்காது. ரெண்டு நாள் தாங்கும், மூணு நாள் தாங்கும், அதுக்கு மேல தாங்காது."

செங்காலியின் இனம் நன்றாக நடக்கும், ஓடும். பறப்பது அவ்வளவாக வராது. கரித்தீவிலிருந்து பச்சைத்தீவுக்கு ஒரே மூச்சில் போக அவளால் முடியாது. முதலில் செந்தீவில் இறங்கினாள்.

அங்கே ஒரு ஓணான் சாய்ந்துகிடந்த கள்ளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கள்ளியின் அடி அழுகி நாறியது.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்று கேட்டாள் செங்காலி.

"சபையோட தயவு. கள்ளி தாகத்துல தவிக்குதுன்னு கொண்டையார் கண்டுபிடிச்சாரு. கூழையன் பை பையா தண்ணி கொண்டாந்து ஊத்தினான். வேர் அழுகிப்போச்சு. என் குடும்பம் மொத்தமும் இந்தக் கள்ளிப் பழத்தை நம்பித்தான் இருந்துச்சு."

"நீ வாயை மூடிக்கிட்டா இருந்தே?"

"தொண்டை வலிக்கக் கத்தினேன். நான் சந்தோஷத்துல கத்துறேன்னு நினைச்சுக்கிட்டாங்க."

மறுநாள் வெள்ளைத்தீவில் இறங்கினாள், அங்கே ஒரு ஆலாப் பறவை இருந்தது. அது வெண்மணலில் வெறுமனே முட்டையிடும் பறவை. மணலின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்று, பக்கத்தில் நின்றால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த முட்டைகளுக்கும் சபை பச்சை இலை மெத்தை போட்டிருந்தது. மேலே பறந்த பருந்துகளுக்கு அதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போயின. ஆலா அந்த இலையை மட்டும் அலகால் காட்டியது.

செங்காலி அங்கே தங்கவில்லை. இறக்கை வலியோடு மேலே எழும்பினாள். அவள் கோபம் இப்போது அவளுடைய ஆறு முட்டைக்கு மட்டுமானதாக இல்லை.

நடுப்பகலில் பச்சைத்தீவு வந்தது. அழகான தீவுதான், இல்லையென்று சொல்லவில்லை. பாசி படிந்த மரம், தொங்கும் பெரணி, எங்கு பார்த்தாலும் ஊற்று. ஆனால் மரத்தடியில் வெயில் படாது. கால் வைத்த இடமெல்லாம் ஈரம் ஜில்லென்று ஏறியது. செங்காலி நடையை எட்டிப் போட்டாள். இந்தக் குளிரிலா என் முட்டைகள்?

சபை மரத்தடியில் ஆறு இலைக்கூடுகள் வரிசையாக இருந்தன. சுற்றிலும் பூ தூவியிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு புறா. செங்காலியின் முட்டை அந்தப் புறாவின் உடம்பில் முக்கால் அளவு இருந்தது. புறாக்கள் முட்டைமேல் உட்கார முடியாமல் வழுக்கி வழுக்கி விழுந்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தன. மணிக்கழுத்தி என்ற புறா இறங்கி நின்று, தன் முட்டைக்குச் செய்வதைப்போலவே பாசத்தோடு அதை அலகால் உருட்டிப் புரட்டியது.

"உருட்டாதே!"

செங்காலி போட்ட கூச்சலில் ஆறு புறாக்களும் துள்ளி எழுந்தன.

"உருட்டக் கூடாதா?" மணிக்கழுத்தி பயந்துபோய்க் கேட்டது. "நாங்க தினமும் நாலு தடவை உருட்டுவோமே. அப்பத்தானே எல்லாப் பக்கமும் சூடு படும்?"

"உங்க முட்டைக்கு அது சரி தாயி. என் முட்டை வச்சது வச்சபடி அசையாம இருக்கணும். உருட்டினா உள்ள உசிரு அறுந்துபோகும்." செங்காலி ஒரு முட்டையின் மேல் அலகை வைத்துப் பார்த்தாள். ஊற்றுநீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி சில்லிட்டிருந்தது. அடுத்ததைத் தொட்டாள். அதுவும் அப்படித்தான். முதலில் இட்ட இரண்டு முட்டைகளில் மட்டும் அடியில் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது.

கிளையிலிருந்து கொண்டையார் இறங்கினார்.

"வாம்மா, வா. உன் பிள்ளைங்களைப் பார்க்க வந்தியா? எவ்வளவு சொகுசா இருக்காங்க பாரு. நன்றியெல்லாம் வேண்டாம். கடமையைத்தான் செஞ்சோம்."

"நன்றியா?" என்றாள் செங்காலி. "என் முட்டைங்க செத்துக்கிட்டு இருக்கு. இந்த நிமிஷமே திருப்பிக் கொடுங்க."

"மறுபடி மண்ணுல பொதைக்கவா?"

"ஆமா, பொதைக்கத்தான். எங்க அம்மா என்னையும் அப்படித்தான் பொதைச்சா. உங்க முன்னாடி நிக்கிறேனே, நான் செத்தா போயிட்டேன்?"

கொண்டையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சபை எடுத்த முடிவை சபைதான் மாத்த முடியும். அடுத்த கூட்டம் பௌர்ணமிக்கு. அப்ப நீ ஒரு விண்ணப்பம் கொடு. பரிசீலிப்போம்."

"பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. தோண்டி எடுக்குறப்ப என்னைக் கேக்காம ஒரே நாள்ல முடிவு பண்ணினீங்க. திருப்பிக் கொடுக்க மட்டும் கூட்டம் போடணுமா?"

"பாத்தீங்களா, நல்லது செஞ்சவனுக்குக் கிடைக்கிற மரியாதைய!" கொண்டையார் மற்றவர்களைப் பார்த்துக் கையை விரிப்பதுபோல் சிறகை விரித்தார். "நன்றிகெட்ட ஜென்மம்."

யாரும் தலையாட்டவில்லை. மணிக்கழுத்தி கூட்டைவிட்டு இறங்கி முன்னால் வந்தது.

"ஐயா, நேத்தே உங்ககிட்ட சொல்ல நினைச்சேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இந்த முட்டைல சூடே ஏற மாட்டேங்குது. என் உடம்புச் சூடு பத்தல. எங்கேயோ தப்பு நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." அது செங்காலியின் பக்கம் திரும்பியது. "மன்னிச்சிடுங்க அக்கா. நான் உருட்டினேன். தெரியாம உருட்டிட்டேன்."

செங்காலிக்குக் கோபப்பட நேரமிருந்தால் அந்தப் புறாமேலும் கோபப்பட்டிருப்பாள். ஓரமாக நின்றிருந்த கூழையனிடம் நேராகப் போனாள்.

"கூழையண்ணே, எடுத்துக்கிட்டு வந்தது நீங்க. நீங்கதான் திருப்பிக் கொண்டுபோய் வைக்கணும்."

"உத்தரவு இல்லாம நான் எப்படி..." கூழையன் தரையைப் பார்த்தான்.

"என் முட்டைய எடுக்க உத்தரவு கொடுக்க இவரு யாரு? பெத்தவ நான் சொல்றேன். கிளம்புங்க."

ஆறு புறாக்களும் கூழையனைச் சுற்றி நின்றன. கூழையன் ஒரு தடவை கொண்டையாரைப் பார்த்தான், ஒரு தடவை முட்டைகளைப் பார்த்தான். பிறகு குனிந்து, வாய்ப்பையைத் தரையோடு விரித்தான். புறாக்கள் ஒன்றுசேர்ந்து, உருட்டாமல், அணைத்துத் தூக்கி ஒவ்வொன்றாக உள்ளே வைத்தன. "நாளைக்கே உன்னைச் சபையிலேருந்து நீக்கிடுவேன்!" என்று கொண்டையார் கத்தினார். வாய் நிறைய முட்டை இருந்ததால் கூழையன் பதில் சொல்லவில்லை. செங்காலி அவன் முதுகில் ஏறிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆறு முட்டைகளும் கறுப்பு மணலுக்குத் திரும்பிவிட்டன. செங்காலி ஒவ்வொரு குழியையும் புதிதாகப் பறித்துச் சூடு பார்த்தாள். ஆனால் முட்டையின் எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. அத்தனை தடவை உருட்டியிருந்தார்கள். குத்துமதிப்பாக வைத்து மூட வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவள் அழுதாள்.

நாள் ஒன்றொன்றாகப் போயிற்று. செங்காலி இரைக்குக்கூட தூரமாகப் போகவில்லை. கொடுக்கன்தான் சிப்பி கொண்டுவந்து போட்டான். குறித்த நாளில் முதல் குழியில் மணல் அசைந்தது. ஒரு குட்டி அலகு வெளியே வந்தது, பின்னாலேயே நனைந்த தலை. குஞ்சு மண்ணை உதறியது, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய்ப் பறந்தது. அவர்கள் வழக்கம் அதுதான். செங்காலிக்கு மனம் நிறைந்துபோனது. ஒரு வாரம் கழித்து இரண்டாவது குழியிலும் குஞ்சு பொரிந்தது.

மூன்றாவது குழிக்கு நாள் வந்தது. ஒன்றும் அசையவில்லை. நான்காவதற்கும் நாள் வந்து போனது. ஐந்தாவதும், ஆறாவதும் அப்படித்தான்.

செய்தி எப்படியோ பச்சைத்தீவுக்குப் போயிற்று. இரண்டு குஞ்சு பொரிந்த செய்தி மட்டும்தான் போயிற்று. கொண்டையார் ஒரு பெரிய கூட்டத்தோடு வந்து இறங்கினார். இந்தத் தடவை கூழையன் முதுகு கொடுக்கவில்லை, அவரே மூச்சு வாங்கப் பறந்து வந்தார். சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்றபடி கொண்டையை விரித்தார்.

"சபையோட முயற்சி வீண் போகல. ரெண்டு நாள் நாம கொடுத்த பராமரிப்புல தேறித்தான் ரெண்டு குஞ்சு பொரிஞ்சிருக்கு. இந்த ரெண்டும் சபை காப்பாத்தின உசிரு!"

செங்காலி திரும்பி நடந்தாள். மூன்றாவது குழியைத் தோண்டினாள். முட்டையை எடுத்துக் காலால் தள்ளி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நான்காவதைத் தோண்டி வைத்தாள். ஐந்தாவதை, ஆறாவதை. வெயிலில் நான்கு முட்டைகளும் கிடந்தன. மூச்சை இழுத்தால் வாடை தெரிந்தது.

"அந்த ரெண்டு சபையோடதுன்னா, இந்த நாலும் சபையோடதுதான்," என்றாள் செங்காலி. "எடுத்துக்கிட்டுப் போங்க."

கொண்டையாரின் கொண்டை மெல்லப் படிந்தது. "நாங்க... நல்லதுதாம்மா நினைச்சோம்."

"நினைச்சீங்க. நான் இங்கேயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கூட்டத்திலிருந்து முதலில் புறாக்கள் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பின. பின்னால் மற்றவர்கள். தனியாக நிற்க முடியாமல் கொண்டையாரும் பறந்தார். அந்த நான்கு முட்டைகளை எடுக்க அவர் குனியவே இல்லை. செங்காலிதான் அவற்றைத் திரும்பவும் குழியில் வைத்து மூடினாள்.

ஒருவருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவன் அவரிடம் கேட்காமலும் அவர் சொல்வதைக் காதில் வாங்காமலும் கைவைத்தால், அவன் செய்வது உதவியல்ல, அநியாயம்.